அவள் கேட்ட ஆற்றோர அறை

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். விரிப்பு மாற்றுவது, வெந்நீர் போட்டுத் தருவது, யாரோ விட்டுப்போன சார்ஜரை எடுத்துவைப்பது எல்லாம் என் மனைவிதான். நாங்கள் இருவரும் வெளியூரில் அறை எடுத்து ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

அவளுக்குத் திருக்கோவிலூர் பிடிக்கும். பெருமாளைப் பார்த்துவிட்டுத் தென்பெண்ணைக் கரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆற்றுக்குள் பாறை மேல் நிற்கும் சின்னக் கோயிலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னிக்கு இங்கியே ரூம் போட்டுத் தங்கிடலாங்க. ஒரு நாளாச்சும் வேற யாராவது எனக்குப் படுக்கை போடட்டும்."

"ஒரு மணி நேரத்துல வீடு. இதுக்குப் போயி ரூமா?" என்று நான் எழுந்துவிடுவேன். அவளும் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு பின்னால் வருவாள்.

போன தையில், பௌர்ணமிக்கு முதல் நாள் காலை, விரிப்பு மாற்ற மாடிக்குப் போனவள் இறங்கி வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே போனேன். கையில் தலையணை உறையோடு கட்டிலோரம் சரிந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள்.

சித்திரையில் யாரிடமும் சொல்லாமல் திருக்கோவிலூர் பஸ் ஏறினேன். லாட்ஜில் இருந்தவர், "எத்தினி பேரு?" என்றார்.

"நான் ஒருத்தன்தான்."

"தனியா வர்றவங்களுக்குக் குடுக்கறதில்லீங்க." என் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பக்கத்துலதானே இருக்கு வீடு? இதுக்குப் போயி ரூமா?"

நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தை. அங்கேயே நின்று அழுதேன். அவர் பயந்துபோய் என் மகளின் நம்பரை வாங்கிப் பேசினார். பேசி முடித்ததும் சாவியைக் கொடுத்து, "ஜன்னலத் தொறந்தா ஆறு தெரியுங்க" என்றார்.

தண்ணீர் கம்மி. மணல்தான் ஜாஸ்தி. அறையில் இரண்டு பேருக்கான கட்டில். நான் சுவரோரமாகப் படுத்து, மறுபாதியைக் கலைக்காமல் விட்டேன்.

காலையில் வேங்கிக்காலிலிருந்து மகள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன்.

"அம்மா எத்தினியோ வாட்டி கேட்டுச்சும்மா. நான்தான் தங்க விடல."

மகள் சொன்னாள்: "எங்கிட்டயும் கேட்டுச்சுப்பா. மார்கழில. 'நீயாச்சும் கூட்டிட்டுப் போடி'ன்னுச்சு. லீவு கெடைக்கட்டும்மானு சொல்லிட்டேன்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்து, பத்து மணி பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.