கதவருகே புது முகம்

என் மனைவி எர்லீன் செனட் சபையில் வாசற்காவலர். இருபத்திரண்டு வருடமாக அவள் கதவைத் திறந்துவிட, செல்போனிலிருந்து கண்ணெடுக்காமலே உறுப்பினர்கள் உள்ளே போவார்கள். மனுஷர்களா அவர்கள்!

ஜனாதிபதி மீதான பதவிநீக்க விசாரணை தொடங்கிய அன்று, எல்லோரும் செல்போனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி.

மாலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஜனாதிபதி என்ன ஆனாரு?" என்றேன்.

"அவரு கெடக்கட்டும், டார்னெல். இன்னைக்கு எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. ஒரு செனட்டர் நின்னு, 'புதுசா சேந்திருக்கியா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா சார், நீங்க வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடிதான் சேந்தேன்னேன்."