அவள் உள்ளங்கையில் உறுமி

ஒரு காய்ச்சலில் என் மனைவி வாணிக்குக் காது கேட்காமல் போய்விட்டது. அதற்கு முன்பெல்லாம் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் வந்தால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். அந்த அதிர்வையாவது உணரட்டுமே என்று, என் காரில் அதிரடி ஒலிக்கென்று இருந்த பெரிய ஸ்பீக்கரான வூஃபரைக் கழற்றி, கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன்.

காருக்கு ஆடியோ மாட்டுவதுதான் என் தொழில். அந்த வூஃபரில் இரண்டு காயில்கள், அதாவது கம்பிச்சுருள்கள். காரில் அவற்றைப் பேரலலாக, அதாவது அருகருகே இணைப்போம். மின்சாரத்தை அதிகமாக இழுக்கும், அடி பலமாக விழும். கைப்பழக்கத்தில் வீட்டிலும் அப்படியே இணைத்தேன். வீட்டு ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை.

திருவிழாப் பதிவு ஒன்றைப் போட்டேன், உறுமி முழங்கியது. வாணி வூஃபர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. நான் சத்தத்தைக் கூட்டினேன்.

சட்டென்று அவள் முகம் மாறியது.

"என்னங்க, நிறுத்துங்க! அடி விட்டு விட்டு வருது லா!"

இவளுக்கு என்ன தெரியும் என்று, கையால் சும்மா இரு என்று காட்டிவிட்டு இன்னும் கூட்டினேன்.

அவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதுதான் கருகல் வாடை என் மூக்கில் ஏறியது. ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் தொட்டேன், விரல் சுட்டது. சன்னல் திரைச்சீலை அதன்மேல்தான் கிடந்தது.

நல்லவேளை, ஆம்ப்ளிஃபயர் பிழைத்துக்கொண்டது. ஆறியபின் காயில்களை ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தேன். மின்சார இழுப்பு குறைந்தது, அதிர்வும் குறைந்தது. வாணி கை வைத்துப் பார்த்து, "இது போதும்" என்றாள்.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற எனக்கு, அன்று அவள் கத்தியது மட்டும் கேட்கவே இல்லை.