பாதியில் நின்ற கூரை

இருபத்தைந்து வருடப் பழைய, கூரை திறக்கும் காரில் ஐரோப்பாவைச் சுற்றப்போவதாக நாங்கள் இருக்கும் ஜெர்மன் நகரமான எர்லாங்கன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். புறப்பட்டு அரைமணி நேரத்தில் மழை பிடித்தது. சுவிட்சை அழுத்தினேன். கூரை பாதியில் நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ, கெதியா மூடுங்கோவன்!" என்றாள் மனைவி.

"ஏலாது. இறுகிப்போச்சு."

அவள் குடையை விரித்தாள்; காற்று அதைப் பறித்துக்கொண்டு போனது. நனைந்து ஊறி ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினோம். அங்கே நின்ற ஜெர்மன்காரர் காரை ஆசையோடு தடவிப் பார்த்தார்.

"அருமையான வண்டி! விற்பீர்களா?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி "யா!" என்று தலையாட்டிச் சம்மதித்தாள்.

அடுத்த வாரம் ரயிலில் இத்தாலி போனோம். அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் ஜன்னலோரம் இருந்து, நெடுஞ்சாலையில் கூரை திறந்து போன கார்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.