கெம்பம்மாவின் கோழி, மாரக்காவின் புழு

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்கு ஊரில் கயிற்றுக் கட்டில் எடுத்துப் போடுவார்கள்; கோழிக்கு வைத்தியம் பார்க்கிறவனைக் கோழி பிடிக்க வந்தவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். காளையும் கறவையும் டாக்டர் பங்கு, கோழி என் பங்கு. சைக்கிளில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாகலூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போவேன். வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. உத்தரவு எனக்குத்தான் வந்திருந்தது, கோழி வளர்க்கிறவர்களுக்கு வரவில்லை. வீடு வீடாகப் போய் நல்லதைச் சொல்லி நாய் துரத்த ஓடியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அம்மை குத்துகிறவரோ, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்கிறவரோ, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பாதிக் கோழி

மாரக்கா கூலி வேலைக்குப் போகிறவள். அவள் கொண்டுவந்த பெட்டையைக் கையில் வாங்கினால் இறகுதான் இருந்தது, கோழியைக் காணோம். கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தீனி குறையாமல் தின்கிறது, முட்டைதான் இல்லை என்றாள். வயிறு நிறையப் புழு. மருந்துப் பெட்டியைத் திறக்கும்போதே தடுத்தாள். அது வாரத்துக்கு வாங்கிய கோழியாம். அந்தப் பக்கத்து வழக்கம் இது: வசதியுள்ளவர் பெட்டையைக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார், பொரிக்கிற குஞ்சு ஆளுக்குப் பாதி. கோழி செத்தால் வளர்த்தவர்தான் பதில் கோழி கொடுக்க வேண்டும்.

மாரக்காவுக்குச் சொந்தமாக ஒரு கோழி கிடையாது. இது ஒரு தடவை அடை உட்கார்ந்து பொரித்துவிட்டால், தன் பங்குக் குஞ்சில் ஒரு பெட்டையை நிறுத்திக்கொள்ளலாம், அப்புறம் யார் வாசலிலும் போய் வாரத்துக்கு நிற்க வேண்டாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் இது கண்ணை மூடினால், இருப்பதும் போய்ப் பதில் கோழிக்கு அலைய வேண்டும்.

கோழியின் சொந்தக்காரி கெம்பம்மா, கவுடர் வீட்டு அம்மாள். வீட்டுக்குள் கன்னடம், என்னைப் போன்றவர்களிடம் தமிழ். அனுமதி கேட்கப் போனேன். மருந்து இனாம் என்றேன், அசையவில்லை. புழு எப்படி வருகிறது என்று விளக்கினேன். அசுத்தமான முற்றத்து மண்ணைக் கிளறித் தின்பதால் வருகிறது என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஹௌதா, அப்படியா? அப்போ கோழி நம்முது, புழு அவளுது. அவ என்ன பண்ணிக்கிறாளோ பண்ணிக்கட்டும், போப்பா."

பட்டினி வைத்தியம்

மருந்து வெறும் வயிற்றில் போனால்தான் வேலை செய்யும். சாயங்காலமே கோழியைக் கூடை போட்டு மூடி வை, தீனி காட்டாதே என்று மாரக்காவிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் போனால், கோழி கூடைக்குள் சோர்ந்து கிடந்தது, மாரக்கா கூடைக்கு வெளியே சோர்ந்து கிடந்தாள்.

கோழியை அக்குளில் இடுக்கி, அலகைப் பிளந்து குளிகையை உள்ளே தள்ளினேன். அது தலையை ஓர் உதறு உதறியது, குளிகை என் சட்டைப் பைக்குள் வந்து விழுந்தது. கோழிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கடைசியில் கழுத்தைத் தடவித் தடவி விழுங்க வைத்தேன். எழுந்திருக்கக் கூடத் தெம்பில்லாமல் இருக்கிறாயே, உனக்கு என்ன என்று மாரக்காவைக் கேட்டேன்.

"கூடைக்குள்ள அது பட்டினி கெடக்கறப்ப, நான் பக்கத்துல உக்காந்து எப்படிங்கய்யா களி தின்றது? வாசம் அதுக்குத் தெரியாதுங்களா?"

சாமிக்கு விட்ட சேவல்

பக்கத்து வீட்டு நாகப்பா இதையெல்லாம் வேலி மேல் கை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சேவலும் நோஞ்சான்தான். வந்த கையோடு அதற்கும் ஒரு குளிகை போட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன். முனீஸ்வரனுக்கு நேர்ந்து விட்ட சேவல், தொடக்கூடாது என்றார். நோயுள்ள சேவலைச் சாமிக்குக் கொடுக்கலாமா என்று நான் சாமர்த்தியமாக மடக்கினேன். மனிதர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நேந்து உட்டப்ப புழுவோடதான் நேந்து உட்டேன். இப்ப எடுத்துப்புட்டா சாமிக்குச் சொன்னதுல கொறையுமுங்களே!"

நல்ல கோழிக்கு வந்த புழு

அடுத்த நாள் ஊரே மாரக்கா வாசலில் நின்றது. மருந்து கச்சிதமாக வேலை செய்திருந்தது. எச்சத்தில் வெள்ளை நூலைக் கத்தரித்துப் போட்டது போல் புழுக்கள், சில நெளிந்துகொண்டும் இருந்தன. எனக்கு உச்சி குளிர்ந்தது. அதைக் குச்சியால் தள்ளிக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

பார்த்தார்கள். புழுவைப் பார்த்தார்கள், என் பெட்டியைப் பார்த்தார்கள், தத்தம் கோழிகளை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். மாரக்காவின் முகம் செத்துவிட்டது. கவுடரம்மா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கு. என் பக்கம் பேச ஆளில்லை. நாகப்பாதான் ஊருக்காகப் பேசினார்.

"எங்க ஊர்க் கோழி இதுவரைக்கும் புழுவா கழிஞ்சு நான் கண்டதில்லீங்க. இந்தப் பெட்டி வந்தப்பறந்தான் கழியுது."

தேறின கோழி

ஒரு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு போனபோது மாரக்காவே வழிமறித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கோழி ஆளே மாறியிருந்தது. கொண்டை செக்கச்செவேலென்று இருந்தது. இட்ட முட்டைகளைத் தவிட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றைக்கூடத் தின்னவில்லை, விற்கவில்லை. இன்னும் நாலு நாளில் அடைக்கு உட்கார்ந்துவிடும் என்று சொல்லும்போது அவளுக்கும் கொஞ்சம் கொண்டை சிவந்திருந்தது. நான் சந்தோஷமாகச் சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த நடைக்குப் போனால் கூடை காலி. கெம்பம்மா அந்த வழியாகப் போனவள் சிவந்த கொண்டையைப் பார்த்துவிட்டாள். ஆளை விட்டுக் கோழியையும் முட்டைப் பானையையும் எடுத்துப் போய்விட்டாள். நேரே அவள் வீட்டுக்குப் போய், பாதிக் குஞ்சு மாரக்காவுக்கு என்றுதானே பேச்சு என்று கேட்டேன். குஞ்சே பொரிக்கவில்லையே, எதில் பாதி என்றாள். என் மருந்தை மனதாரப் புகழ்ந்தாள், பெரிய லோட்டாவில் மோர் கொடுத்தாள். அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள்.

"சீக்குக் கோழியத்தான் வாரத்துக்கு உட்டேன். நல்ல கோழிய யாராச்சும் வாரத்துக்கு உடுவாங்களாப்பா?"

இன்னொரு கோழி

கெம்பம்மா நியாயம் தெரியாதவள் இல்லை. எடுத்துப் போன கோழிக்குப் பதிலாக, தன் கோழிகளிலிருந்தே இன்னொரு பெட்டையை மாரக்காவுக்கு வாரத்துக்கு அனுப்பியிருந்தாள். முதல் கோழியை விட இது மோசம், நிற்க முடியாமல் இறக்கையை ஊன்றிக்கொண்டு நின்றது. மாரக்கா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. நான் பெட்டியைத் திறந்து குளிகையை எடுத்தேன். அவள் கோழியைக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் யோசித்து வைத்ததைக் கேட்டாள்.

"அய்யா, இதுக்குப் பாதிப் புழுவ மட்டும் எடுங்க. முழுசா எடுத்தா கோழி என்கிட்ட நிக்க மாட்டேங்குது."

கோழிக்குள் இருக்கும் புழுவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து எப்போதும் இருந்தது. கோழிக்கு வெளியே இருக்கும் புழுவுக்குத்தான், நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை சப்ளை வரவேயில்லை.