ஊருக்குப் போன ரப்பர் பட்டை

வலிக்குன்னா வாயத் தொறந்து சொல்லணுமா வேண்டாமா, நீயே சொல்லும்மா. எதுத்த வீட்டுல இருக்க, உன்ட்ட சொல்லாம யார்ட்ட சொல்லப்போறேன்? எம்மவன் மூடி மறைச்சான் பாரு, அதுலதான் எம்பேத்தி தோள்பட்ட போச்சு.

நான் விசிட் விசால இந்த சவூதி தம்மாமுக்கு வந்த புதுசு. வெள்ளிக்கெழம ஆனா காம்பவுண்டுக்குப் பின்னால இருக்க மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவாவ. பேஸ்பாலாம். நான் என்னத்தக் கண்டேன்? ஒருத்தன் கட்டையத் தூக்கிட்டு நிக்கான், அவன் பின்னால ஒருத்தன் மூஞ்சில கம்பிவலைய மாட்டிக்கிட்டு குத்தவச்சிருக்கான். எதுக்க நின்னு எறியுதது யாரு தெரியுமா? எம்பேத்தி! ஆறாப்புப் படிக்கா. ஒரு காலத் தூக்கி, தோளப் பின்னால வளைச்சு விட்டான்னு வையி, பந்து போறதே தெரியாது. குத்தவச்சிருக்கவன் கையில மாட்டிருக்க தோல் உறையில பட்டுன்னு விழுத சத்தந்தான் கேக்கும். நான் எந்திரிச்சு நின்னு குலவ போட்டுட்டேன். வெள்ளைக்காரிய பூரா எங்கயோ தீப்புடிச்ச மாதிரி திரும்பிப் பாக்காளுவ. மருமவ எஞ்சேலையப் புடிச்சு இழுக்கா. இழுத்தா இழுக்கட்டும், எஞ்சந்தோசம் எனக்கு.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கதும் ஒரு வெள்ளைக்காரருதான். அவருதான் ஆபீஸ்ல எம்மவனுக்கு மேனேஜரு. வெனையே அங்கதான் வந்துச்சு. அந்த மனுசனக் கொற சொன்னா நாக்கு அழுவிரும். எறியுத பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு ரப்பர் பட்டை குடுத்தாரு. கதவுப்பிடியில ஒரு முனைய மாட்டி, முழங்கைய விலாவோட ஒட்டி வச்சு, மெல்ல இழுக்கணும், மெல்ல விடணும். தோளு பலமாவும் ஆவுமாம், நல்லா வளைஞ்சும் குடுக்குமாம். எறிஞ்ச மறுநாளு பந்தையே தொடப்பிடாதுன்னும் சொன்னாரு.

எம்மவன் கேட்டானா? "கதவ இழுத்து வெளையாடவா இங்க வந்திருக்கோம்?"னுட்டான். அந்த வாரம் ஊருக்கு கார்கோல பெட்டி அனுப்பினான். பால் பவுடரு, போர்வ, தைலம், எங்கொழுந்தனுக்கு ஒரு டார்ச்சு, எல்லாத்தையும் திணிச்சா பெட்டி மூடமாட்டேங்கு. அந்தப் பட்டைய எடுத்து சுத்திக் கட்டிட்டான்! "என்னமா நிக்கு பாத்தீங்களா யம்மா"ன்னு பெரும வேற. பிள்ள தோளுக்கு வந்த பலம் அட்டப்பெட்டியோட திருநெல்வேலிக்குப் போயிட்டு.

அதுக்குப் பொறவு டூட்டி விட்டு வந்தான்னா தெனமும் அவள காம்பவுண்டு சுவத்துல எறியச் சொல்லுவான். "யல்லா, யல்லா, இன்னும் வேகமா!" ஏம்ல பிள்ளைய இந்தப் பாடு படுத்துதன்னு கேட்டேன். "யம்மா, ஆபீஸ்ல ஆளு கொறைக்காவ. சாருக்கு இவ எறியுததுன்னா உசுரு. இவ எறிஞ்சாத்தான் எம்பேரு அவருக்கு நெனப்புல நிக்கும்"ங்கான். கஞ்சிக்கு வழியத் தேடுத தோளாம்மா அது? எலும்பே இன்னும் முத்தல.

ஒருநா மேத்தட்டுல இருந்து அப்பள டப்பாவ எடுக்கச் சொன்னேன். எக்கி நின்னு எடக்கையால எடுக்கா.

"ஏட்டி, எறியுத கைக்கு என்னட்டி?"

"நத்திங் ஆச்சி. அப்பாட்ட சொல்லாதீங்க."

நான் சொல்லாம இருப்பனா? சொன்னேன். "சார்ட்ட வலின்னா வேற பிள்ளைய எறிய விட்டுருவாரு. தைலத்தத் தேய்ங்க, கலாஸ், அம்புட்டுத்தான்"னு போயிட்டான்.

அடுத்த வெள்ளிக்கெழம ஆட்டத்துல ஒரு பந்த எறிஞ்சா. அது பாதித் தூரங்கூட போவாம தொப்புன்னு விழுந்துட்டு. இவ கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. மேனேஜரு ஓடியாந்து கையத் தூக்கச் சொல்லுதாரு, தோளு மட்டத்துக்கு மேல வரல. முதுகுக்குப் பின்னால கொண்டு போன்னாரு, முடியல. எப்ப இருந்து வலிக்குன்னு கேட்டா, இவ அப்பன் மூஞ்சியப் பாக்கா. பட்டைய தெனம் இழுக்கியான்னு கேட்டாரு. பிள்ளைக்குப் பொய் வருமா? "அத பெட்டியில கட்டி இந்தியாவுக்கு அனுப்பியாச்சு"ன்னுட்டா. எல்லாம் இங்கிலீஸ்ல. மருமவதான் எங்காதுல சொன்னா. சுத்தி நின்னவுக சிரிச்சாவ. அந்த மனுசன் சிரிக்கல. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா அன்னைக்கே நிப்பாட்டிருப்பேனே"ன்னாராம். எம்மவன் "சாரி சார், சாரி சார்"ங்கான். பெத்த பிள்ளைட்ட ஒரு சாரி கெடையாது.

டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. வளருத எலும்பாம், எறிஞ்சு எறிஞ்சு அது வளருத எடத்துலயே விரிசல் விட்டிருக்காம். மாசக்கணக்கா பந்தத் தொடக்கூடாதுன்னுட்டாரு.

இதக் கேளு. ஆபீஸ்ல ஆளு கொறைச்சாவல்ல? மொதல்ல போனது அந்த மேனேஜருதான்! எம்மவனுக்கு ஒண்ணும் ஆவல, காண்ட்ராக்ட் நீட்டிட்டாவ. எந்தச் சாமிக்குன்னு தெரியாமலே பிள்ள தோள வெட்டிப் படைச்சிருக்கான்.

அப்பவாது புத்தி வந்துச்சா? புது மேனேஜருக்கு டென்னிசுன்னா உசுராம். நேத்து ஒரு மட்டைய வாங்கிட்டு வந்து அவ கட்டில் மேல வச்சிருக்கான். பிள்ள அதத் தொடல, செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. "கை சரியானப்பொறவுதான யம்மா"ன்னு என்ட்ட இளிக்கான்.

இந்தா, பாத்ரூமுல இருந்து கூப்பிடுதா. தலைக்குத் தேச்சுவிடணும், அந்தக் கை இன்னும் உச்சந்தலைக்கு எட்டமாட்டேங்கு. வாரேன்ட்டி, வாரேன், கண்ண மூடிக்க, சீயக்கா கண்ணுல எறங்கிராம...