கோமளா காட்டின் தலைக்காய்

சூலூர்ப் பக்கம் கோமளாவைத் 'தக்காளி டாக்டர்' என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை நம்பிச் சர்க்கரைக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களும் உண்டு. அப்பா அரங்கசாமி ஒரு வருடம் இலைச்சுருட்டை விழுந்த தக்காளிக் காட்டைக் காயோடு உழுதுபோட்டார். மகள் கல்லூரிக்குப் போய் அந்த நோயையே ஆராய்ச்சிக்குப் பிடித்துக்கொண்டாள். நோயைக் கொண்டுவரும் வைரஸின் மரபணுவில் ஒரு துணுக்கை வெட்டித் தக்காளிச் செடிக்குள் சேர்த்தாள். நுழைகிற வைரஸைச் செடியே அடையாளம் கண்டு அழித்துவிடும். சொல்ல ஒரு வரி. செய்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது.

இப்போதுதான் வலை வேலிக்குள் முதல் வயல் சோதனை. அனுமதியில் ஒரு கண்டிப்பு: ஒரு பழம்கூட வெளியே போகக் கூடாது, எல்லாவற்றையும் எரித்துப் புதைக்க வேண்டும். மீறினால் சோதனை நின்றுவிடும்.

முதல் பறிப்புக்கு வந்தபோது, ஓரச் செடியில் பழுத்து நின்றவற்றைக் காணோம். காம்பு மட்டும் இருந்தது.

"தெய்வாத்தக்கா, எலி ஏதும் புகுந்துருச்சுங்களா?"

களையெடுத்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள். "எலியெங்க அம்மணி வருது? நாந்தேன் நேத்துப் பறிச்சு மாரியாத்தாளுக்கு வெச்சுப்போட்டு வந்தனுங்க. தலைக்காயி சாமிக்குத்தானுங்களே. போன வருசம் கண்ணாடி ஊட்டுல நாத்தெல்லாம் சுருண்டப்ப நீங்கதான சொன்னீங்கொ, 'உங்க ஆத்தா காப்பாத்துனாத்தான் உண்டு'ன்னு. அப்பவே வேண்டிக்கிட்டனுங்க."

வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கோமளா சொல்லித்தான் வைத்திருந்தாள். சாமிக்குக்கூடக் கூடாது என்று சொல்லவில்லை.

"பழம் இப்ப எங்கீங்க?"

"பூசாரி வந்தவிகளுக்கெல்லாம் குடுத்தாருங்க. ஒண்ணு என்ற புள்ளைக்கு. முழுகாம இருக்கறாளுங்கல்ல."

உதவியாளர் பிரவின்குமார் அவளைத் தனியே அழைத்தான். "மேடம், நீங்க சொன்ன எலியே தின்னதா இருந்துட்டுப் போகட்டுங்க. அஞ்சாறு பழம். இதுக்கு உசுரையே குடுத்திருக்கீங்க. அந்தக்காவுக்கும் வேலை போயிரும்."

அந்த எலி கோமளாவுக்கும் பிடித்திருந்தது.

தெய்வாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"ஏனுங்க அம்மணி, அது வெசமுங்களா? புள்ள தின்னுபோட்டாளுங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதே வைரஸை நோய்த் தக்காளியோடு ஊரே எத்தனையோ வருடமாகத் தின்றிருக்கிறது. ஆனால் இந்தப் பழம் உண்ணத் தகுந்ததா என்று பார்க்கும் சோதனை இன்னும் தொடங்கவே இல்லை.

"வெசமில்லீங்கக்கா. ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கறேன்."

"நெனைக்கறீங்களா?"

தெய்வாத்தாளின் முகத்துக்கு நேரே எலிக்கதை சொல்ல முடியாது என்று கோமளாவுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பேசியை எடுத்து அனுமதி கொடுத்த குழுவை அழைத்தாள்.

"சோதனை வயல்ல இருந்து பழம் வெளியே போயிருச்சுங்க. ஆளுகளுக்குச் சரியா எடுத்துச் சொல்லாதது என்னோட தப்புங்க."

மறுமுனை சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு பிரவின்குமாரிடம், செடிகளைப் பிடுங்கச் சொன்னாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அதெல்லாம் அப்பறம் புடுங்கிக்கலாங்க அம்மணி," என்றாள் தெய்வாத்தாள். "மொதல்ல வண்டிய எடுங்க. புள்ளைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."