ஒரு சாண் சிவப்பு நூல்

அக்காவின் காரில் இடதுபக்கக் கதவுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும், இன்ஜினுக்குக் காற்று பிடிக்கும் வாயின் உதட்டில் ஒரு சாண் சிவப்பு நூல் ஒட்டியிருக்கும். போன வாரம் வண்டி கழுவ வந்தவர் அதை அழுக்கென்று நினைத்துப் பிய்த்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், சூலூரில் எங்கள் தறிக்குடோனின் பாதியை அந்தக் கார்தான் அடைத்துக்கொண்டிருந்தது. டிப்ளமோ முடித்து மோட்டார் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அக்கா, சட்டகத்தையும் ஃபைபர் உடம்பையும் தனித்தனியாக வாங்கி, பழைய வேன் இன்ஜின் ஒன்றை இருக்கைக்குப் பின்னால் உட்காரவைத்து, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டிக் கட்டிய கார் அது. தறிகளைக் கவனித்துக்கொண்ட எனக்கு அதன்மேல் துளி மரியாதை கிடையாது. பத்து கிலோமீட்டர் போனதும் கொதித்து நின்றுவிடும். பொறுத்துப் பார்த்த அப்பா ஒரு நாள் சொல்லிவிட்டார்: "ஏனம்மணி, தை மாசம் புதுத் தறி நாலு வருது. அதுக்குள்ள இது நிக்காம குன்னூர் ஏறுச்சுன்னா இருக்கட்டும். இல்லீன்னா பழைய இரும்புக்குப் போட்டறலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா, இன்ஜினுக்குக் காற்று போகட்டும் என்று கதவுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஓட்டை வெட்டிக் கம்பிவலை பொருத்தினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்டி அதே பத்தாவது கிலோமீட்டரில் நின்றது. வலையைத் துடைக்கப் போன நான்தான் ஒன்றைக் கவனித்தேன். குடோனில் நிறுத்தி இன்ஜினை ஓட்டினால், விசிறி இழுக்கிற இழுப்பில் தறிப்பஞ்சு வலையில் அப்பிக்கொள்ளும். அதைத் துடைத்துவிட்டு ரோட்டுக்குப் போய் வந்தாலோ புழுதிகூட ஒட்டியிருக்காது. "உம்பட வண்டி காத்தே குடிக்கறதில்லக்கா" என்று கிண்டலடித்தேன். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. நேராகத் தறிப்பக்கம் போய்ச் சிவப்பு நூலை இழுத்துச் சாண் சாணாக நறுக்கி, ஓட்டையைச் சுற்றி டேப்பால் ஒட்டினாள்.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்க்கச் சொன்னாள். திருச்சி ரோட்டில் பஸ்ஸில் போனவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், மானமே போயிற்று. ஆனால் நூல்கள் பொய் சொல்லவில்லை. ஒன்றுகூட ஓட்டைக்குள் திரும்பவில்லை. எல்லாம் உடம்போடு படிந்து கிடந்தன. காற்று ஓட்டையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. வாயை வெளியே நீட்டினால்தான் அது உள்ளே வரும் என்று அக்காவுக்கு அன்றே புரிந்துவிட்டது. பம்ப் மோட்டாரின் விசிறியை மூடும் தகர மூடி ஒன்றைப் பாதியாக அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக, வாய் முன்னால் பார்க்கும்படி வைத்து ஃபைபர் பூசினாள். இரண்டு முறை பிய்ந்து வந்தது. மூன்றாம் முறை ரிவெட் அடித்தாள். அன்று நூல்கள் விறுவிறுவென்று உள்ளே பாய்ந்தன. நான் கத்தினேன். அழவும் செய்தேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மார்கழிக் கடைசியில் மலைக்குக் கிளம்பியபோது பக்கத்து இருக்கையில் அப்பாவே ஏறிக்கொண்டார். மடியில் பத்து லிட்டர் தண்ணீர் கேன். வண்டி கொதிக்கும் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மேட்டுப்பாளையம் தாண்டினால் ஏற்றம்தானே. எனக்கு அன்று தறியில் கை ஓடவில்லை. வாசலுக்கும் குடோனுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். கேனின் மூடி திறக்கப்படவே இல்லை. அப்பா அந்தத் தண்ணீரை மெதுவாக முருங்கைக்கு ஊற்றினார். "மலைய எங்க கண்ணு பாத்தேன்? கழுத்தத் திருப்பி நூலத்தான் பாத்துட்டே போனேன். ஒருக்காக்கூட வெளிய வர்ல" என்றார் என்னிடம். புதுத் தறிகளுக்கு மேற்குப் பக்கம் கூரை போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அக்கா நூல்களைப் பிய்க்கத் தொடங்கியபோது, தன் பக்கத்தில் இருந்த ஒன்றை மட்டும் விடச் சொன்னார்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. நூல் வெயிலில் வெளுக்கும், இற்றுப்போகும். அப்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நான் புதிதாக ஒன்றை ஒட்டிவிடுவேன். அக்காவுக்குத் தெரிந்தால் கேலி செய்வாள். போன வாரமும் அதற்காகத்தான், டேப் இருக்குமா என்று காரின் டேஷ்போர்டைத் திறந்தேன். உள்ளே டேப் இருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு நூற்கண்டு இருந்தது, பாதி தீர்ந்துபோய்.